நாகரியின் தலைக்கோடு

எங்கள் பாட்டனாருடைய ரகுவம்சப் புஸ்தகம், அவர் இருந்த காலமெல்லாம், பூஜை அறையில் சாளக்கிராமப் பெட்டிக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டுத் துணியால் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கிரந்த எழுத்தில் அச்சிட்ட புஸ்தகம் அது. ஓரங்கள் பழுத்து, தையல் விட்டு, தாள் தாளாகப் பிரிந்து போயிருந்தாலும், விடியற்காலையில் சந்தியாவந்தனம் முடித்துவிட்டு அதை மடியில் விரித்துக்கொண்டு அவர் உட்காரும்போது, சம்ஸ்கிருத பாஷைக்கென்று உலகத்தில் ஓர் எழுத்து உண்டென்றால் அது இந்த எழுத்துத்தான் என்பதில் அவருக்கோ, பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கோ எவ்விதச் சந்தேகமும் இருந்ததில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கையில் எங்கள் தெருவில் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் ஹிந்தி வகுப்பு ஆரம்பித்தார். அங்கே ஒரு மாத காலத்தில் நாகரி எழுத்துக்களைக் கற்றுக்கொண்டுவிட்ட உற்சாகத்தில், வாசகசாலையிலிருந்து பம்பாயில் அச்சான ரகுவம்சப் பிரதி ஒன்றை எடுத்துவந்து பாட்டனாரிடம் நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னடா எழுத்து, கொடியிலே துணி உலர்த்தின மாதிரி?" என்றார். பிறகு, "படி, கேட்கலாம்" என்றார்.

நான் ஓரோர் அக்ஷரமாகக் கூட்டி முதல் சுலோகத்தின் முதற் பாதத்தை முடிப்பதற்குள், அவர் கண்ணை மூடிக்கொண்டு மற்ற மூன்று பாதங்களையும் சொல்லி, அதற்கு மேலும் இரண்டாவது, மூன்றாவது சுலோகங்களென்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். எழுத்து எனக்குத் தெரிந்திருந்தது, பாஷை தெரியவில்லை. பாஷை அவருக்குத் தெரிந்திருந்தது, எழுத்து தெரியவில்லை. அன்று எனக்கு உண்டான திகைப்புத்தான், பிற்காலத்தில் இந்த லிபியின் சரித்திரத்தைத் தேடித் தேடிப் படிக்கும்படி என்னைத் தூண்டிற்று.

தேவநாகரியே சம்ஸ்கிருதத்தின் சொந்த எழுத்து, ஆதிமுதல் அந்த பாஷை அதிலேதான் எழுதப்பட்டு வந்தது என்று இன்றைக்குப் படித்தவர்களே நம்புகிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. கஜினி மாமூதின் காலத்தில் இந்தியாவுக்கு வந்து, இங்குள்ள பண்டிதர்களிடம் சம்ஸ்கிருதம் கற்று, 1030-ஆம் ஆண்டை ஒட்டி நம் தேசத்தைப் பற்றிப் பெருநூல் ஒன்று எழுதிய அல்பிரூனி, தாம் அறிந்த லிபிகளை வரிசைப்படுத்துகிறார். காஷ்மீரத்திலும் காசியிலும் வழங்குவது சித்தமாத்ருகை என்கிறார். மாளவ தேசத்தில் நாகரம், சிந்துப் பக்கத்தில் அர்த்தநாகரி, கர்நாடகத்துக்கு ஒன்று, ஆந்திரத்துக்கு ஒன்று, திராவிடத்துக்கு ஒன்று, கீழ்த்திசையில் கௌடம் என்று அவர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அந்த நாளில் காசியின் எழுத்தே நாகரி அல்லவென்றால், மற்றத் தேசங்களைப் பற்றிக் கேட்கவேண்டியதில்லை. காஷ்மீரத்துப் பண்டிதர் பூர்ஜ மரப்பட்டையில் சாரதா லிபியிலும், வங்காளத்தார் தங்கள் எழுத்திலும், மிதிலையார் திருஹுதாவிலும், நம்மவர்கள் கிரந்தத்திலும், மலையாளத்தார் ஆரிய எழுத்திலும், தெலுங்கரும் கன்னடரும் தத்தம் எழுத்துக்களிலுமாக ஒரே காளிதாசனை எழுதி வைத்துக்கொண்டார்கள். காசிக்கு வித்தியாப்பியாசத்துக்காகப் போன தென்னாட்டு மாணாக்கனும் காஷ்மீரத்து மாணாக்கனும் ஒருவர் ஏட்டை மற்றவர் வாசிக்க முடியாமல், ஆனால் ஒருவர் வாயிலிருந்து வரும் சூத்திரத்தை மற்றவர் எளிதாகத் தொடர்ந்து சொல்லக்கூடியவர்களாக, ஒரே திண்ணையில் உட்கார்ந்து தர்க்கம் பண்ணியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கையில் எனக்கு உடம்பு புல்லரிக்கிறது.

இதைப் புலப்படுத்த இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 1905-இல் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதர் மைசூர் ஓலைச்சுவடி நிலையத்தில் கொண்டுவந்து கொடுத்த சுவடிதான் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். பல நூற்றாண்டுகளாகப் பெயர்மாத்திரமாய் நின்ற அந்த நூல் கிடைத்தது கிரந்த எழுத்தில். ஷாமசாஸ்திரியார் 1909-இல் அதை அச்சிட்டு உலகத்துக்கு வழங்கினார். அதே காலத்தில் கணபதி சாஸ்திரியார், திருவனந்தபுரத்துப் பக்கத்தில் மலையாள எழுத்துச் சுவடிகளிலிருந்து பதின்மூன்று நாடகங்களைக் கண்டெடுத்து, அவை பாஸ மகாகவியினுடையவை என்று 1912 முதல் வெளியிடலானார். அந்த ஆசிரியத்துவத்தைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லையாயினும், நாடகங்களின் அழகைப் பற்றி விவாதம் இல்லை. இன்று இவ்விரண்டையும் நாம் நாகரி அச்சிலே படிக்கிறோம். அவற்றை மடியில் கட்டிக் காத்த தெற்கத்தி எழுத்துக்களோ, காத்துக் கொடுத்ததோடு ஒதுங்கிக்கொண்டன.

ஆனால் இந்த எழுத்துக்களெல்லாம் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய் அசோக சக்கரவர்த்தியின் சாசனங்களில் நாம் காணும் பிராமி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒருவராலும் படிக்கப்படாமல் தூண்களிலும் பாறைகளிலும் மௌனமாய் நின்ற அந்த எழுத்தை 1837-இல் கல்கத்தா நாணயசாலையில் உலோகப் பரிசோதனை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்ஸெப் படித்த கதை, எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காதது. சாஞ்சி ஸ்தூபத்தின் கல் வேலித் தூண்களில் வெட்டியிருந்த குறுங்கல்வெட்டுகளின் நகல்கள் அவர் கைக்கு வந்தன. ஒவ்வொன்றும் வேறு வேறாயிருந்தும், ஏறக்குறைய எல்லாமே ஒரே இரண்டு எழுத்துக்களிலும் ஒரு புள்ளியிலும் முடிவதை அவர் கண்டார். கோயில்களில் பக்தர்கள் ஒரு கல்லையோ ஒரு தூணையோ உபயமாகக் கொடுத்துத் தங்கள் பெயரை வெட்டிவைக்கும் வழக்கத்தை அவர் அறிந்திருந்தார். அப்படியானால் முடிவில் நிற்கும் சொல் 'தானம்' என்பதாகத்தான் இருக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு 'த', ஒரு 'ந', ஓர் அனுஸ்வாரம், இவ்வளவுதான் திறவுகோல். அதற்குப் பிறகு மற்ற எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டன. மூன்றே ஆண்டுகளில், நாற்பதாவது வயதில், உடல்நலம் குலைந்து அவர் லண்டனில் காலமானார். சாதாரண ஜனங்கள் கொடுத்த ஈகையின் பெயரால் ஒரு தேசத்தின் சரித்திரம் திறந்தது என்பதை நினைக்கும்தோறும் மனம் நிறைகிறது.

பிராமி வடக்கே குப்தர் கால எழுத்தாகி, அதிலிருந்து சித்தமாத்ருகையாகி, ஏழு எட்டாம் நூற்றாண்டுகளில் நாகரியின் உருவம் கொள்ளத் தொடங்கிற்று. 'நாகரி' என்ற பெயர் நகரத்தைக் குறித்ததா, குஜராத்தின் நாகரப் பிராமணர்களைக் குறித்ததா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. 'தேவ' என்ற அடைமொழி பின்னாளில் சேர்ந்தது. தமிழ்நாட்டுக்கு நாகரி வந்த விதம் எனக்கு மிகவும் பிரியமான விஷயம். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் என்று ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்துச் சுவரில் பல்லவ மன்னனைப் புகழும் சம்ஸ்கிருத சுலோகங்கள் பல்லவ கிரந்தத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. எதிர்ப்பக்கத்துச் சுவரில் அதே பாடல் வடநாட்டு எழுத்தாகிய பழைய நாகரியில் நிற்கிறது. கடற்காற்றும் உப்பும் அரித்த அந்தக் கல்லின்மீது, ஒரே பாஷை இரண்டு லிபிகளில் எதிரெதிராக நின்று பேசிக்கொள்வதுபோல் இருக்கும். ராஜராஜ சோழனுடைய செப்புக் காசையும் கையில் எடுத்துப் பார்க்கலாம்: ஒரு புறம் நிற்கும் உருவம், மறுபுறம் உட்கார்ந்திருக்கும் உருவம், அதன் கையருகே 'ஸ்ரீ ராஜராஜ' என்ற பெயர். அந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருப்பது நாகரியில். விஜயநகரத்து அரசர்களோ தங்கள் செப்பேடுகளுக்கு நந்திநாகரி என்னும் அதன் தென்னாட்டுக் கிளையைக் கைக்கொண்டார்கள். ஆகவே நாகரி நமக்குப் புதிய விருந்தாளியல்ல. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கல்லில் இடம்பெற்ற எழுத்து.

பாட்டனாரிடம் திரும்பி வருகிறேன். துணி உலர்த்தின மாதிரி இருக்கிறதென்று சொன்னாரே தவிர, அந்தப் புஸ்தகத்தை அவர் ஒதுக்கிவிடவில்லை. மறுநாளே ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு, "உன் எழுத்தை எனக்குச் சொல்லிக்கொடு" என்று என் எதிரே உட்கார்ந்துவிட்டார். அகாரத்தில் தொடங்கி உயிர், பிறகு கவர்க்கம், சவர்க்கம், டவர்க்கம் என்று நான் சொல்லச் சொல்ல, "இதெல்லாம் நம்முடைய வரிசைதானே!" என்று அவர் முகம் மலர்ந்தது. தொண்டையில் பிறக்கும் ஒலியிலிருந்து உதட்டில் பிறக்கும் ஒலிவரையில் வாயின் உள்ளிருந்து வெளியே வரும் அந்தக் கிரமம், பிராமியின் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பொது. 'ப' என்ற எழுத்து வந்தபோது அவர் பல்பத்தை வாங்கி, தமிழ்ப் பகரத்தை எழுதி, அதன் திறந்த வாயின்மேல் ஒரு கோட்டை இழுத்து மூடி, வலக்காலைச் சற்றுக் கீழே நீட்டினார். நாகரிப் பகரம் வந்துவிட்டது! அன்றுமுதல் ஒவ்வோர் எழுத்திலும் அவர் உறவு தேடத் தொடங்கினார்.

குற்றிகரத்தில்தான் அவர் நின்றார். நாகரியில் 'கி' என்று எழுதவேண்டுமானால், ககரத்துக்குப் பின் ஒலிக்கும் இகரத்தின் கொக்கியை ககரத்துக்கு முன்னால், இடப்புறத்தில், போடவேண்டும். 'ஸ்தி' என்ற கூட்டெழுத்தானால் அந்தக் கூட்டு முழுவதற்கும் முன்னால் போய் அது நிற்கும். "பின்னாலே சொல்கிறதை முன்னாலே எழுதுவார்களா?" என்று அவர் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. பிறகு அவரே சிறிது யோசித்து, "ஏன், நம் கொம்பு மாத்திரம் என்னவாம்? 'கெ' என்பதற்கு முன்னாலேதானே போடுகிறோம்?" என்றார். அவருக்கும் எனக்கும் அப்போது தெரியாத ஒரு செய்தியை வெகுகாலத்துக்குப் பின் படித்தேன்: நாகரியிலும் ஒரு காலத்தில் ஏகாரத்தின் குறி இப்போதுபோல் தலைக்குமேல் நிற்காமல், நம் கொம்பைப்போலவே எழுத்தின் இடப்புறத்தில் ஒரு கோடாக நின்றது. ப்ருஷ்டமாத்திரை என்று அதற்குப் பெயர். குஜராத்து, ராஜபுதனத்து ஜைன பண்டாரங்களிலுள்ள பழைய சுவடிகளில் அதைத் தாராளமாகக் காணலாம். தமிழ்க் கொம்பும் அந்தக் கோடும் ஒரே பிராமிக் குறியின் இரண்டு வாரிசுகள். இதைச் சொல்லிக் காட்டப் பாட்டனார் அப்போது இல்லை.

தலைக்கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னாட்டில் எழுத்தாணியால் ஓலையைக் கீறி எழுதினோம். நாரின் போக்கில் நீண்ட நேர்க்கோடு இழுத்தால் ஓலை பிளந்துவிடும் என்பதனால் நம் எழுத்துக்கள் வட்ட வட்டமாக வளர்ந்தன என்று சொல்வார்கள். வடக்கே நாணற்பேனாவை மையில் தோய்த்து எழுதினார்கள். அதன் சாய்வெட்டு முனையில் பிறந்தவைதான் நாகரியின் தடித்த கோடுகளும் மெலிந்த வளைவுகளும். முதலில் ஒவ்வோர் எழுத்தின் உச்சியிலும் ஒரு சிறு ஆணித்தலைபோல் தொடங்கிய குறி, நாளடைவில் அகன்று, பக்கத்து எழுத்தின் குறியோடு சேர்ந்து ஒரே கோடாயிற்று.

அப்படியானால் எண்ணற்ற லிபிகளில் ஒன்றாக இருந்த நாகரி, சம்ஸ்கிருதத்துக்கு ஏக லிபியாக எப்போது ஆனது? அச்சு யந்திரத்தினால்தான் ஆனது என்பது என் திடமான அபிப்பிராயம். சம்ஸ்கிருதத்தில் முதன்முதல் அச்சான நூல் காளிதாசனுடையதென்று பெயர் பெற்ற ருதுசம்ஹாரம். 1792-இல் கல்கத்தாவில் சர் வில்லியம் ஜோன்ஸ் அதை அச்சிட்டபோது உபயோகித்தது வங்காள எழுத்தை. நாகரிக்கு அச்செழுத்துச் செய்ய முயன்றவர்களின் பிரயாசையைப் படித்தால் கண்ணில் நீர் வரும். சார்லஸ் வில்கின்ஸ் என்பவர் 1795-இல் இங்கிலாந்தில் தம் வீட்டிலேயே எஃகில் தம் கையால் நாகரி எழுத்துக்களை வெட்டி, அச்சு வார்த்து, சம்ஸ்கிருத இலக்கணம் ஒன்றை அச்சுக்குக் கொடுக்கும் சமயத்தில் வீடு தீப்பற்றி எரிந்துபோயிற்று. புஸ்தகங்களும் எஃகு முத்திரைகளில் பெரும்பாலானவையும் தப்பின. வார்த்து வைத்த எழுத்துக்கள் நாசமாயின. பல ஆண்டுகள் கழித்து, 1808-இல்தான் அந்த இலக்கணம் வெளிவந்தது. அவர் வங்காளத்தில் இருந்தபோது அச்செழுத்து வெட்டுவதில் அவருக்குத் துணையாயிருந்த பஞ்சானன் கர்மகார் என்னும் கருமார், பின்னர் ஸ்ரீராமபுரத்தில் வில்லியம் கேரியிடம் சேர்ந்து நாகரி அச்சு வெட்டினார். ரோமன் எழுத்தைப்போல் இருபத்தாறோடு முடிகிற காரியமா இது? கூட்டெழுத்துக்கள், அரையெழுத்துக்கள், மாத்திரைகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 700 அச்சுக்கள். ஒவ்வொன்றையும் எஃகின் நுனியில் இடவலம் மாற்றி வெட்டவேண்டும். அந்த எழுத்தில்தான் 1804-இல் ஹிதோபதேசம் அச்சாயிற்று. பஞ்சானனுக்குச் சம்ஸ்கிருதம் தெரிந்திருக்கவேண்டியதில்லை. ஆனால் இன்று அந்த பாஷையை அச்சில் படிக்கும் ஒவ்வொருவரும் அந்தக் கருமாருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

பின்பு மாக்ஸ் முல்லர் ரிக்வேதத்தை 1849 முதல் 1874 வரையில் ஆறு பாகங்களாக நாகரியில் வெளியிட்டார். பம்பாயில் ஜாவ்ஜி தாதாஜி 1869-இல் நிறுவிய நிர்ணயசாகர அச்சகமோ, அழகான எழுத்தும் திருத்தமான பதிப்பும் மலிவான விலையுமாக, 1886-இல் தொடங்கிய காவ்யமாலை முதலியவற்றைத் தேசமெங்கும் பரப்பிற்று. கல்கத்தா அச்சில் அகரமும் ணகரமும் ஒருவிதமாக இருக்க, பம்பாய் அச்சில் வேறுவிதமாக இருந்தன. இந்தப் போட்டியில் பெரும்பாலும் பம்பாய் வடிவங்களே வென்றன. என் கைக்கு வந்ததும் அந்த ஊர் அச்சேறிய பிரதிதான். கும்பகோணத்திலும் சென்னையிலும் கிரந்தத்தில் நூல்கள் அச்சாகி வந்தன என்பது உண்மையே. ஆயினும் ஒரு ஜில்லாவுக்குள் விற்கும் புஸ்தகம், காசிமுதல் ராமேசுவரம்வரை விற்கும் புஸ்தகத்தோடு எத்தனை நாள் போட்டியிட முடியும்?

ஹிந்தியின் கதை வேறு. அங்கே நடந்தது வியாபாரப் போட்டியல்ல, வழக்கு. ஒரே பேச்சு மொழியைப் பாரசீக எழுத்திலும் எழுதினார்கள், நாகரியிலும் எழுதினார்கள், காயஸ்தக் கணக்கர்களின் கைதி என்னும் எழுத்திலும் எழுதினார்கள். கைதிக்குத் தலைக்கோடு கிடையாது. வேகமாக எழுதுவதற்கென்றே பிறந்த எழுத்து அது. ஜாயஸியின் பத்மாவத் என்னும் அவதி மொழிக் காவியத்தின் பழைய பிரதிகளில் பல பாரசீக எழுத்தில் இருக்கின்றன. அதனால் அந்தக் காவியம் யாருக்கும் அந்நியமாகிவிடவில்லை. 1837-இல் பாரசீக பாஷை நீதிமன்றங்களிலிருந்து நீங்கியபோது, வடமேற்கு மாகாணங்களில் அதன் இடத்துக்கு வந்தது பாரசீக எழுத்திலேயே எழுதப்பட்ட உருது. கிராமத்துக் குடியானவன் தன் பெயரில் வந்த சம்மனைத் தூக்கிக்கொண்டு படிக்கத் தெரிந்தவனைத் தேடி அலையவேண்டியிருந்தது. 1893-இல் காசியில் சியாம சுந்தர தாஸ் முதலிய மாணாக்கர்கள் சிலர் கூடி நாகரி பிரசாரிணி சபையைத் தொடங்கினார்கள். 1898-இல் மதன் மோகன் மாளவியா அறுபதினாயிரம் கையெழுத்துக்களோடு கூடிய விண்ணப்பத்தை லெப்டினன்ட் கவர்னர் மாக்டானலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 1900 ஏப்ரல் 18-ஆம் தேதி உத்தரவு பிறந்தது: மனுக்களை நாகரியிலும் கொடுக்கலாம், சம்மன்கள் இரண்டு எழுத்திலும் போகவேண்டும்.

குடியானவனுக்கு அது நியாயம் செய்த உத்தரவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வாதப் பிரதிவாதத்தில் ஓர் எழுத்து ஹிந்துக்களுடையது, மற்றோர் எழுத்து முஸ்லிம்களுடையது என்ற எண்ணம் வேரூன்றி, ஒரே வீட்டுப் பேச்சு இரண்டு வீடாகப் பிரிந்ததை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. அதுமட்டுமல்ல. நாகரி வென்றபோது ஓசைப்படாமல் தோற்றது கைதி. 1881 முதல் பீகாரின் நீதிமன்றங்களில் ஆட்சி செய்த அந்த எழுத்துக்குக் கிரியர்சன் ஒரு கைந்நூலே எழுதியிருக்கிறார். இன்று பீகாரில் பாட்டன் நிலத்துப் பத்திரத்தைப் பேரனால் படிக்க முடியாமல், கைதி தெரிந்தவர்களைத் தேடிப் போகிறார்கள். மராட்டியரின் மோடி எழுத்துக்கும் அதே கதிதான். தஞ்சை சரஸ்வதி மகாலிலுள்ள மோடி ஆவணக் கட்டுகளைப் பார்த்தவர்களுக்கு அதை நான் விளக்கவேண்டியதில்லை.

1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பாஷைப் பிரச்சினை வந்தபோது, கடும் வாதத்துக்கு இடமானவற்றில் எண்களும் ஒன்று என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நாகரி எண்களே வேண்டும் என்றார் டண்டன். தஞ்சை ஜில்லாவில் பிறந்த கோபாலசுவாமி அய்யங்காரும் முன்ஷியும் சேர்ந்து வகுத்த சமரசத்தின்படி 14-ஆம் தேதி முடிவாயிற்று: ஹிந்தி தேவநாகரி லிபியில், எண்கள் 'இந்திய எண்களின் சர்வதேச வடிவத்தில்'. 343-ஆம் ஷரத்தின் அந்தச் சொற்றொடரில் சரித்திர உண்மை அடங்கியிருக்கிறது. குவாலியர் கோட்டையில் பாறையில் குடைந்த சிறு விஷ்ணு கோயிலில், 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில், கோயில் நந்தவனத்தின் நீளம் 270 முழம் என்று வெட்டியிருக்கிறது. அந்த எண்ணின் கடைசியிலுள்ள சிறு வட்டம், இன்று உலகம் முழுவதும் எழுதுகிற சுன்னமேதான்.

ஒரே லிபியானாலும் இரண்டு பாஷைகளும் அதை ஒரே மாதிரி படிப்பதில்லை. 'ராம' என்று எழுதினால் சம்ஸ்கிருதக்காரர் ஈற்று அகரத்தோடு படிப்பார்; ஹிந்திக்காரர் 'ராம்' என்று நிறுத்திவிடுவார். தமிழுக்கோ அதில் வேறு சங்கடம். நாகரியில் குறில் எகரமும் ஒகரமும் இல்லை. 'என்' என்பதும் 'ஏன்' என்பதும் சாதாரண நாகரியில் ஒன்றாகிவிடும். மத்திய ஹிந்தி இயக்ககம் 1966-இல் வெளியிட்ட விரிவுபடுத்திய நாகரியில் இந்தக் குறில்களுக்கும், நம் ழகரத்துக்கும் றகரத்துக்கும் குறிகள் வகுத்தார்கள். அச்சுக் குறைபாட்டை நீக்க வேறு சீர்திருத்தங்களும் வந்தன. 1953-இல் லக்னௌ மகாநாட்டில் பாட்டனாரைத் திகைக்கவைத்த அந்த இகரக் கொக்கியை வலப்புறத்துக்கு மாற்றலாம் என்று தீர்மானித்துக்கூடப் பார்த்தார்கள். ஜனங்களின் கை அதற்கு இசையவில்லை. சில ஆண்டுகளில் கொக்கி பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

புனாவில் பண்டார்கர் ஆராய்ச்சி நிலையத்தார் 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்த மகாபாரதப் பதிப்புக்காக ஆயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்டார்கள். அவற்றைச் சாரதா, வங்காளம், மைதிலி, தேவநாகரி, தெலுங்கு, கிரந்தம், மலையாளம் என்று எழுத்தைக்கொண்டே வகுத்தார் பதிப்பாசிரியர் சுக்தங்கர். பலவிடத்துப் பாடங்களும் கலந்துபோனவை தேவநாகரிச் சுவடிகளே என்றும், வடக்கே சாரதாவும் தெற்கே மலையாளமும்தான் பழமையை அதிகமாகக் காத்திருக்கின்றன என்றும் அவர் கண்டார். அந்த ஒப்புநோக்கு வேலைக்குத் தஞ்சையிலும் ஒரு கூடம் இருந்தது. பெரிய காகிதத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, மேல்வரிசையில் சுலோகத்தைக் கட்டத்துக்கு ஓர் அக்ஷரமாக நாகரியில் எழுதிக்கொள்வார்கள். ஒருவர் ஓலையை உரக்க வாசிப்பார். மற்றவர் கேட்டுக்கொண்டே, மாறுபட்ட அக்ஷரத்தைமட்டும் அதன் கட்டத்துக்கு நேர்கீழே குறித்துக்கொள்வார். காஷ்மீரத்து மரப்பட்டை ஒரு வரியிலும், காவிரிக் கரை ஓலை அதற்கடுத்த வரியிலுமாகக் காகிதம் மெல்ல நிரம்பும். மாறுதல் இல்லாத கட்டங்கள் வெறுமையாகவே இருக்கும்.